முக்கால் மணி அத்தான்

முதலில் மோந்து பார்த்தார். பழைய கம்ப்யூட்டர் கார்டை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக இரண்டு மூச்சு. "கருகல் வாசனை இல்ல" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளைப் பனியன் துணியை எடுத்து, விசிறி இலைகளுக்கு நடுவே நுழைத்துத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போர்வைப் பஞ்சு. பெட்ரூம்ல வச்சிருந்தீங்களா?"

கார்டை விற்கிற பல் டாக்டர் திருதிருவென்று விழித்தார். "ஆமா சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பூனை வளர்த்தீங்களா?"

"வளர்த்தோம். போன வருஷம் செத்துப்போச்சு."

"அடடா" என்றார் என் அத்தான். ஒப்புக்குச் சொன்ன அடடா இல்லை. துணியில் ஒட்டியிருந்த மஞ்சள் முடி ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, கீழே போட மனமில்லாமல் மேஜை ஓரத்தில் வைத்தார். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். இன்றைக்கு எங்கள் குடும்பத்துக்கே அந்த டாக்டர்தான் பல் பார்க்கிறார்.

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக், இருபத்தாறு வருஷ சர்வீஸ். பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது அவருக்குத் தொழில் இல்லை, வியாதி. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு திரையில் படம் வரைகிற பாகம் அது. செங்கல் அளவு, முதுகில் இரண்டு மூன்று விசிறி. விலையைக் கேட்டால் நமக்குத்தான் விசிறிவிட வேண்டியிருக்கும். கேம் ஆடுகிறவர்களும் அனிமேஷன் பண்ணுகிறவர்களும் அதற்காகத் தவம் கிடப்பார்கள். அத்தான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. வாழ்நாளில் ஒரு கேம் ஆடியதில்லை. மகள் ஒன்பதாவது படிக்கும்போது அனிமேஷன் பண்ண வேண்டும் என்று ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு கார்டு வாங்கக் கிளம்பியவர்தான், அதிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. அவள் சிநேகிதிக்கு வாங்கினார், மாடி வீட்டுக்காரருக்கு வாங்கினார், கம்பெனி ஸ்டோர்கீப்பருக்கு வாங்கினார். இப்போது ஊரில் யாருக்குப் பழைய கார்டு வேண்டுமென்றாலும் இவருக்குத்தான் போன் வருகிறது. இதில் காலணா லாபம் கிடையாது. பஸ் செலவுகூடக் கைக்காசு.

அவருடைய முறையே தனி. கார்டை வெளியே எங்காவது வைத்துக் கைமாற்ற ஒப்புக்கொள்ள மாட்டார். அது இருந்த வீட்டுக்குப் போக வேண்டும், இருந்த அறையைப் பார்க்க வேண்டும். "மிஷினக் கேட்டா ஒண்ணும் சொல்லாது. அது இருந்த ரூமைக் கேளு, எல்லாத்தையும் சொல்லும்" என்பார். ஜன்னல் இருக்கிறதா, வெயில் நேராக விழுகிறதா, சிகரெட் நாற்றமா, கம்ப்யூட்டர் தரையில் இருந்ததா மேஜையில் இருந்ததா எல்லாம் பார்ப்பார். முன்பின் தெரியாத ஒருவர் படுக்கையறை வரை வந்து நின்றால் யார் விடுவார்கள்? அதற்குத்தான் நான். "பொம்பளை கூட வந்தா நம்பி உள்ள விடுவாங்க, வாம்மா" என்று என்னை இழுத்துக்கொண்டு போவார். அக்கா ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "ஆளை விடுங்க சாமி. அந்த வீட்டுக்காரி என்னை ஜாக்கெட் துணி வரைக்கும் விசாரிச்சுட்டா, இவரு இன்னும் அந்த டப்பாவை முகர்ந்துக்கிட்டிருக்காரு."

அக்கா சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, சரியாக முக்கால் மணி நேரம் பார்க்காமல் வாங்க மாட்டார். "ஆறு பேர் ஏர்ற லிஃப்டை ஆறு பேரை ஏத்தித்தான் பாக்கணும். காலி லிஃப்ட் எல்லாம் நல்லாத்தான் ஓடும்." கம்பெனியில் அவருக்கு 'முக்கால் மணி' என்றே பெயர். "என்ன முக்கால் மணி, இந்த வாரம் யார் வீட்டுக்கு?" என்பார்கள். சிரித்துக்கொள்வார்.

அந்த முக்கால் மணி நேரம் அவரால் சும்மா இருக்க முடியாது என்பதுதான் பெரிய கூத்து. திரையில் ஏதோ ஒரு காடு சுற்றிக்கொண்டிருக்கும், விசிறி உய்யென்று இரைந்துகொண்டிருக்கும். இவர் கண் மெல்ல அந்த வீட்டுக் கதவுகளின் மேல் போகும். "இந்தக் கீல் எவ்வளவு நாளா கத்துது?" அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்துவிடும். ஒரு வீட்டில் துணி அலமாரியின் கதவை நேராக்கினார். இன்னொரு வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் எதற்காகவோ ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள்; இவர் ஏணி கேட்டு, அவரை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் பிடிக்கச் சொல்லி, டியூப்லைட் மாற்றினார். கார்டு சரியில்லை என்று வாங்காமல் வந்துவிட்டோம். ஆனால் அந்த அம்மாள் இன்றைக்கும் போன் பண்ணி, "அண்ணன் சௌக்கியமா?" என்று என்னை விசாரிக்கிறாள்.

அவர் லிஃப்டிலிருந்து இறங்குவதையும் சொல்ல வேண்டும். நாமெல்லாம் கதவு திறந்ததும் நடந்துவிடுவோம். அவர் நடக்க மாட்டார். வலது காலை முன்னால் நகர்த்தி, லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் சேருகிற விளிம்பில் செருப்பு நுனியால் ஒரு தேய் தேய்ப்பார். இரண்டும் ஒரே மட்டமா என்று பார்க்கிறாராம். நகக்கண் அளவு ஏறியிருந்தால்கூட முகம் சுருங்கிவிடும். மட்டம் சரியென்றால்தான் அடுத்த எட்டு. எந்த ஊர் லிஃப்டானாலும், யார் வீட்டு விசேஷமானாலும் இது நடக்கும். அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன அன்று ஆஸ்பத்திரி லிஃப்டிலும் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளவிட்டார். அக்கா இன்னும் அதை மறக்கவில்லை. "நான் வலியில துடிச்சுக்கிட்டிருக்கேன், இவரு காலால தரையத் தடவிக்கிட்டிருக்காரு!" அத்தான் தரப்பு பதில் ஒன்றே ஒன்றுதான்: "மட்டம் இல்லேன்னா ஸ்ட்ரெச்சர் சக்கரம் இடிக்கும். இடிச்சா உனக்குத்தானே வலிக்கும்?" அன்றைக்குப் பிறந்தவள்தான் இந்த அனிமேஷன் மகள்.

சரி, இனிமேல்தான் விஷயம். மோப்பமும் முக்கால் மணியும் போக, அத்தானுக்கு மூன்றாவதாக ஒரு சட்டம் இருந்தது. புது மாடல் கார்டுகள் கடைக்கு வந்த பத்தாம் நாள்தான் பழசு வாங்க வேண்டும். வருவதற்கு முன்னால் வாங்குகிறவன் மடையன். புதுசு வந்ததும் கையில் இருப்பதை எல்லாரும் விற்க ஓடுவார்கள், விலை தடாலென்று விழும், அப்போது நிதானமாகப் போய் எடுக்கலாம். "பொறு, பொறு. புதுசு இறங்கட்டும்" என்பதை அவர் வாயிலிருந்து கேட்காத ஆள் எங்கள் வட்டாரத்தில் இல்லை. கம்பெனி கொடுத்த காலண்டரில் லிஃப்ட் சர்வீஸ் தேதிகளைச் சிவப்பில் எழுதுவார்; புது மாடல் வரும் தேதியைப் பச்சையில் வட்டம் போடுவார். அன்றைக்குக் கார்டு கம்பெனிக்காரர்கள் மேடையேறிப் பேசுவதை நேரடி ஒளிபரப்பில் ஒரு நொடி விடாமல் பார்ப்பார். விலை சொன்னதும் தொடையில் தட்டி, "சொன்னேன்ல!" என்பார். எட்டு வருஷமாக இப்படித்தான்.

இந்தச் சட்டம்தான் போன வருஷம் மகளைக் கவிழ்த்தது.

அவள் சேர ஆசைப்பட்டது ஓர் அனிமேஷன் பள்ளி. வருஷத்துக்கு முப்பது பேரைத்தான் எடுப்பார்கள். மூன்று நிமிஷப் படம் ஒன்றைச் சொந்தமாகச் செய்து, குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். படத்தை வடிவமைத்து முடித்தாலும், கடைசியில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு காட்சியாக உட்கார்ந்து வரைந்து தர வேண்டும். அதற்குத்தான் பெரிய கார்டு. போன வருஷம் அவள் கேட்டபோது அத்தான் சொன்னார், "மூணு வாரம் பொறு கண்ணு. புதுசு இறங்குது." அவளும் பொறுத்தாள். புது மாடல் கம்பெனி தேதியை ஒரு மாதம் தள்ளிப்போட்டது. இவள் பள்ளிக்கூடம் தள்ளிப்போடவில்லை. பழைய கார்டில் கடைசி நாள் வரை ஓட்டியும் பாதிப் படம்தான் தேறியது. அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. அடுத்த வாரமே மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டாள். அத்தான் காலண்டரில் அந்தப் பச்சை வட்டத்தை மட்டும் பேனாவால் கிறுக்கி அழித்திருந்தார். நான் பார்த்தேன், கேட்கவில்லை.

இந்த வருஷம் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து இரவில் வேறொரு படம் செய்தாள். முந்தியதைவிட நல்ல படம். இந்தத் தடவை அப்பாவிடம் கார்டு கேட்கவில்லை. இருக்கிற கார்டிலேயே பத்து நாள் முன்னதாக ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். கடைசி நாள் திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. வேடிக்கையைப் பாருங்கள், புது மாடல் அறிமுகமும் அதே திங்கட்கிழமைதான், காலை பதினோரு மணி. அத்தானின் பேச்சைக் கேட்டு ஏழு பேர் கார்டு வாங்காமல் அந்தத் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மாலை பழைய கார்டு மண்டையைப் போட்டது. திரை முழுக்கக் கலர் கலராகப் பொரி. அதுவரை வரைந்து வைத்திருந்த காட்சிகளைத் திறந்து பார்த்தால், அவற்றிலும் அங்கங்கே அதே பொரி. எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மூன்று நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது தனித்தனிப் படங்கள். பெரிய கார்டானால் ஒரு படத்துக்கு முக்கால் நிமிஷம். நிறுத்தாமல் ஓட்டினால் ஐம்பத்தேழு மணி நேரம். அத்தான் பிறருக்கு வாங்கிக் கொடுத்ததெல்லாம் சின்னக் கார்டுகள், இந்தப் படத்தைத் தாங்காது. கடைகளில் கேட்டால், "பழைய ஸ்டாக் முடிஞ்சுது, திங்கக்கிழமை புதுசு வரும்" என்றார்கள்.

மகள் அப்பா முகத்தைப் பார்க்காமல், "விடுங்கப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

அத்தான் மறுநாள் மதியம் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து நின்றார். "கிளம்பும்மா. ஒரு கார்டு இருக்கு. பஸ் டிரைவர் வீடு."

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடி. ஒவ்வொரு மாடியிலும், லிஃப்டுக்கென்று விட்டு அப்புறம் செங்கல் வைத்து அடைத்த இடத்தைப் பார்த்து அத்தான் பெருமூச்சு விட்டார். டிரைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து, வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டியரிங் மாட்டிக்கொண்டு லாரி ஓட்டுகிற கேம் ஆடுகிறாராம். "டயர்டா இருக்கா, ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னா, லாரிய எடுக்கிறார்க்கா" என்று அவர் மனைவி எனக்கு டீ கொடுத்தபடியே முறையிட்டாள். திங்கட்கிழமை புதுசு வாங்கப்போகிறார். அதற்கு முன்னால் பழசைத் தள்ளிவிட வேண்டும்.

அத்தான் மோந்தார். துடைத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சுத்தம். ஓடவிட்டார். வழக்கம்போல எங்கே எழுந்து கதவை நோண்டப்போகிறாரோ என்று பார்த்தேன். அசையவில்லை. முழங்காலில் கையை ஊன்றித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு ஜன்னல் கதவு காற்றில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் காதில் விழவேயில்லை. 

முப்பத்தோராவது நிமிஷம் அந்தச் சத்தம் வந்தது. டிக், டிக், டிக். சன்னமான சத்தம். நான் ஜன்னல் என்று நினைத்தேன். அத்தான் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியைக் கார்டின் ஓரத்தில் தொட்டார். லிஃப்ட் மோட்டாரை இப்படித்தான் கேட்பார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோலவே இருக்கும்.

"அது எப்பவாவது வரும் அண்ணே. ஒண்ணும் செய்யாது" என்றார் டிரைவர்.

"ஒரு விசிறியோட பேரிங் போயிட்டிருக்கு" என்றார் அத்தான், மெதுவாக.

இதைவிடச் சின்னக் குறைக்கெல்லாம் எத்தனையோ வீடுகளில், "டீக்கு ரொம்ப நன்றி" என்று எழுந்து வந்திருக்கிறார். எழுந்துவிடுவார் என்றுதான் நானும் கைப்பையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். "என்னப்பா ஆச்சு?"

"நல்லா இருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நல்லா இருக்கும்மா" என்றார்.

மிச்சமிருந்த பதினான்கு நிமிஷத்தையும் உட்கார்ந்து முடித்தார். டிரைவர் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டினார். பேரமே இல்லை. டிரைவருக்கே மனசு கேட்கவில்லை போல. "அண்ணே, விவரம் தெரிஞ்சவரா இருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க. புதுசு வரப்போகுதே, மூணு நாள் பொறுத்தா விலை இறங்குமே?"

"தெரியும் தம்பி" என்றார் அத்தான்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டு வருஷமாக அவர் ஊருக்குச் சொன்ன வசனம், ஒரு பஸ் டிரைவர் வாயிலிருந்து அவருக்கே வருகிறது! டிரைவர் பேரிங்குக்காக என்று தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டார். கதவு வரை வந்து வழியனுப்பினார்.

இரண்டாம் மாடிப் படியில் அத்தான் உட்கார்ந்துவிட்டார். அட்டைப் பெட்டி மடியில். நான் பயந்துபோய், "என்ன அத்தான், தலை சுத்துதா?" என்றேன்.

"அவளைப் போன வருஷம் கெடுத்தது நான்தாம்மா" என்றார். "விலை இறங்கட்டும், விலை இறங்கட்டும்னு உக்காந்திருந்தேன். அவ மருந்துக்கடையில பில் போட்டுக்கிட்டிருக்கா. ஒரு வார்த்தை கேட்டாளா என்னை? திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

 இந்த மனிதரைக் கிண்டல் பண்ணாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை நான். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எந்திரிங்க அத்தான். இப்பப் போனா ஏழு மணிக்கு ஆரம்பிச்சுடலாம்" என்றேன். எழுந்தார்.

ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தது. ஊசி போடும் சிரிஞ்சில் ஒரு சொட்டு எண்ணெய் எடுத்து அந்த விசிறியின் நடுவில் விட்டிருந்தார். சத்தம் அடங்கியிருந்தது. சனிக்கிழமை லீவு போட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் தனக்காகப் போட்ட லீவு எத்தனை என்று கேட்டால், அக்கா இரண்டே இரண்டு விரலை நீட்டிக் காட்டுவாள். மகளின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, அரை மணிக்கொரு தரம் புறங்கையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பார். மூன்று எண்ணும்வரை கை பொறுத்தால் சரி. திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஆயிரம். ஆயிரத்து எண்ணூறு. இரண்டாயிரத்து அறுநூறு. மகள் அவர் பக்கம் திரும்பாமல் சத்தம் சேர்க்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சேர்த்து அக்கா ஓயாமல் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அந்த விசிறி நின்றது. சத்தமே போடாமல் நின்றது. புறங்கைதான் முதலில் கண்டுபிடித்தது. "ரெண்டு எண்ணும்போதே சுடுது!" பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு விசிறிதான் சுற்றியது. "டேபிள் ஃபேன், டேபிள் ஃபேன்!" என்று கத்தினார். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதன் முன்னால் அக்கா படுத்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில் இருந்தவளின் காற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து கார்டின் முகத்துக்கு நேரே வைத்தோம். அக்கா கரண்ட் பில்லால் விசிறிக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். "கட்டின நாள்ல இருந்து எனக்கு இப்படி ஒரு ஃபேன் பிடிச்சிருக்காரா இந்த மனுஷன்?" என்றாள். ஆனால் மேஜை உயரம் போதவில்லை என்று ஃபேனுக்கு அடியில் வைக்க இரண்டு தலையணை கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான்.

சூடு ஏறாமலிருக்க கார்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. மகள் கணக்குப் போட்டாள். ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். விடிகாலை முடிய வேண்டியது இனி திங்கட்கிழமை எட்டரைக்குத்தான் முடியும். இன்னொரு விசிறியும் நின்றால் அவ்வளவுதான்.

அத்தான் முக்காலியில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்கயே சத்தம் வந்துச்சு கண்ணு. தெரிஞ்சேதான் வாங்கினேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

"எனக்குத் தெரியும்ப்பா."

"சித்தி சொன்னாளா?" என்று என்னை முறைத்தார். நான் வாயே திறக்கவில்லை.

"போன்ல நீங்க நல்லா இருக்குன்னு ரெண்டு தடவ சொன்னீங்க. நிஜமாவே நல்லா இருந்தா ஒரு தடவதான் சொல்வீங்க." திரையை விட்டுக் கண்ணை எடுத்து, முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "நான் உங்க மேல கோவமா இருந்தேன்ப்பா. போன வருஷம். ரொம்ப."

"தெரியும்."

"இப்ப இல்ல."

அத்தான் தலையாட்டினார். புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்தார். அதற்கு இன்னும் நேரம் ஆகவில்லை, சும்மாதான் வைத்தார். மூன்றுக்கு மேலும் எண்ணிக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலை எட்டு இருபத்தைந்துக்கு நாலாயிரத்து ஐந்நூற்று அறுபதாவது படம் விழுந்தது. ஃபேனை நிறுத்தியதும் வீடே செவிடானதுபோல் இருந்தது. சத்தத்தைச் சேர்த்து, ஒட்டி, சரிபார்த்து அனுப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. பத்து நாற்பதுக்குப் பள்ளியிலிருந்து, வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. எடுப்பார்களா மாட்டார்களா என்று தெரிய இன்னும் ஒரு மாதம் ஆகும். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யாருக்கென்று இல்லாமல், "அப்பாடா" என்றாள்.

அத்தானின் போன் அதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டது. பதினோரு மணிக்குப் புது மாடல் அறிமுகம்; சீடர்கள் ஏழு பேரும் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் பல் டாக்டர். "சார், இன்னும் பத்து நிமிஷம்! பாக்குறீங்கல்ல?" அடுத்தது ஸ்டோர்கீப்பர். போனில் அவர் குரல் எங்களுக்கே கேட்டது. "முக்கால் மணி, உத்தரவு குடு. எப்ப வாங்கட்டும்? பத்தாம் நாளா?"

"உனக்கு எப்பத் தேவை?" என்றார் அத்தான்.

"போன மாசமே தேவைதான். நீதானே பொறுன்னே?"

"அப்ப போன மாசமே வாங்கியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"இதைக் கண்டுபிடிக்க எட்டு வருஷம்" என்றாள் அக்கா.

"வாங்கப்பா, படத்தைப் பாருங்க" என்று மகள் கூப்பிட்டாள். நாங்கள் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. முக்காலியை நகர்த்திவிட்டு அத்தான் திரைக்கு முன்னால் நின்றார். பின்னால் நானும் அக்காவும். சட்டைப் பைக்குள் போன் மறுபடி ஆடியது. மணி பதினொன்று. அவர் அதைத் தொடவில்லை.

படம் ஒரு லிஃப்டைப் பற்றியது. ஒரு பழைய கட்டடத்தின் பழைய லிஃப்ட். ஐந்து மாடிகளுக்கும் ஆட்களை ஏற்றி இறக்கியே காலம் கழிந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் தெரிவது அதே தாழ்வாரம், அதே சுவர். ஐந்தாவது மாடிக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க அதற்கு ஓர் ஆசை. நாம் லிஃப்டுக்கு உள்ளேயே நிற்பதுபோலத்தான் படம் முழுக்க. கதவு மூடும், திறக்கும். கம்பி இழுபடும், மோட்டார் முனகும். "இது லிஃப்ட் ஏறி இறங்குற கைடு கம்பி தேயற சத்தம். எங்க பிடிச்சே?" என்று முணுமுணுத்தார் அத்தான். "உங்ககூட ஒரு நாள் வந்தேன்ல, அப்ப எடுத்தது" என்றாள் மகள்.  லிஃப்ட் மூன்று தடவை முயன்று தோற்கிறது. நாலாவது தடவை ஐந்தைத் தாண்டி மேலே போகிறது. நடுங்குகிறது. நிற்கிறது.

கதவு திறந்தது. மொட்டை மாடி. அதற்கு மேல் முழுக்க முழுக்க வானம்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். எனக்குப் பழக்க தோஷம், திரையை விட்டு அத்தானைப் பார்த்தேன். அவர் இமைக்காமல் நின்றார். செருப்பில்லாத வலது கால் மட்டும் மெல்ல முன்னால் நகர்ந்தது. கட்டைவிரல் நுனி, தரை ஓட்டின் விளிம்பில் ஒரு தேய் தேய்த்தது. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. பிறகு அந்தக் காலைத் தூக்கி ஓர் எட்டு முன்னால் வைத்தார்.